“பாப்பா நிழல்ல இருக்குதாம்மா?”

செவ்வாய்க்கிழமை காலை மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். ஏழுமலை அண்ணனின் எண்ணிலிருந்து நம் வண்டிப் பழுது வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. அவர்தான் என்று நினைத்துத் திறந்தேன். பேசியது அவர் மனைவி. “அவரு நேத்து தவறிட்டாருங்க. நெஞ்சு வலின்னாரு, அவ்ளோதான். யாருக்காச்சும் பதில் சொல்லாம வுட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க.”

மூங்கில்துறைப்பட்டில் டிராக்டர் மெக்கானிக் என்பதற்கு மேல் நமக்கு அவரைப் பற்றி என்ன தெரியும்? நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் அழுதேன்.

மலைக்காரர் ஒருவர் பெட்ரோல் வண்டியில் டீசலை ஊற்றிவிட்டு நம்மிடம் கேட்டது நினைவிருக்கும். “இன்னா தலைவா, அடுத்தது கூழ் ஊத்தறதுதானே?” என்று ஒருவர் கிண்டலடித்தார். அண்ணன் எழுதினார்: “நானும் ஒருக்கா ஊத்தினவன்தாங்க. ஸ்டார்ட் மட்டும் பண்ணாதீங்க, டேங்கைக் காலி பண்ணிடலாம்.” பிறகு எல்லோருக்குமாக ஒரு வரி: “வண்டி நின்ன ஆளு ஏற்கெனவே நொந்து போயி நிக்கிறாரு. நாம வேற எதுக்கு?”

எனக்கு வெள்ளிமலைப் பக்கம் பள்ளியில் வேலை. மூன்று வயது மகளும் ஸ்கூட்டரில் கூடவே வருவாள். ஒருநாள் இறக்கம் முழுக்கப் பிரேக்கை அழுத்தியபடியே வந்தேன். தீய்ந்த வாடை வந்தது, பிரேக் பிடிக்கவில்லை. எப்படியோ ஓரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு, குழந்தை கூட இருக்கிறாள் என்று குழுவில் எழுதினேன். “சக்கரத்துல தண்ணி ஊத்துங்க” என்றார் ஒருவர். “லேடீசுக்கு எதுக்கு மலை ரோடு?” என்றார் இன்னொருவர். அண்ணன் கேட்டது, “பாப்பா நிழல்ல இருக்குதாம்மா?”

இருக்கிறாள் என்ற பிறகுதான் வண்டியைப் பற்றிப் பேசினார். “தண்ணி ஊத்தாத. சூட்டுல பிரேக் டிரம்மு விரிசல் வுட்டுடும். தானா ஆறட்டும். கீழ போனதும் பிரேக் ஷூவை மாத்திடு.”

மூன்று நாள் கழித்து, “மாத்திட்டியாம்மா?” என்று விசாரித்தார். மாற்றவில்லை. வேலை, குழந்தைக்குக் காய்ச்சல் என்று தள்ளிக்கொண்டே போயிருந்தேன். திட்டமாட்டார் என்று தெரியும். அதனாலேயே வெட்கமாக இருந்தது. “மாத்திட்டேண்ணா” என்று எழுதினேன்.

“நல்லது. பாப்பாவைக் கூட்டிக்கினு தைரியமா போ.”

அதன்பிறகும் அதே பிரேக்கோடு அவளை வைத்துக்கொண்டு மலை ஏறி இறங்கினேன். அண்ணன் தவறிய செய்தி வந்த அன்றுதான் சங்கராபுரத்தில் வண்டியைக் கொடுத்தேன். மெக்கானிக் தேய்ந்த ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்தார். “இத்த வச்சிக்கினா மலை எறங்கினீங்க? கூட யாரு, குழந்தையா?” என்றார். தலையாட்டினேன்.

அண்ணன் என்னை நம்பி அனுப்பிய அந்த “தைரியமா போ” இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை. திறந்து படிக்கத் தைரியமும் இல்லை.