ராஜா கதையில் வந்த கார்

ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். ஆனால் மாரெட்பள்ளியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லுகிறவன் யார் என்று. மெக்கானிக் ஷெட் இரண்டு, இரண்டும் சொந்த இடத்தில். யார் தயவும் இல்லை. இத்தனைக்கும் காரணம் ஒரு நாவல்.

அந்த வருஷம் ஐந்தாவதில் நான் ஃபெயில். இன்னொரு வருஷம் படிக்க வைப்பதா, மெக்கானிக் ஷெட்டில் விடுவதா என்று அப்பாவுக்கு யோசனை. எனக்குப் பள்ளிக்கூடம் போகத்தான் ஆசை. அழுதேன்.

அப்பா அலமாரியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துப் போட்டார். மெட்ராஸ் வாரப் பத்திரிகையிலிருந்து அம்மா கிழித்துச் சேர்த்து பைண்டு போட வைத்த தொடர்கதை. ராஜா காலத்துக் கொலைக் கதை. அதை இரண்டு தடவை படித்ததாக அப்பா சர்ச் வாசலில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

"லீவுக்குள்ள இதை முடி. தளபதியைக் கொன்னவன் யாருன்னு சொல்லு. சரியாச் சொன்னா ஸ்கூலு. இல்லேன்னா ஷெட்டுதான்."

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் கிடையாது; தமிழ் எழுத்து அம்மா பைபிளை வைத்துச் சொல்லிக் கொடுத்தது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். முதல் அத்தியாயத்திலேயே தளபதி முதுகில் கத்தியோடு கிடந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம் அந்தப் பிணத்தை ஒருவரும் சீண்டவில்லை. இளவரசன் குதிரையில் போனான், போனான், போய்க்கொண்டே இருந்தான். இளவரசி நிலாவைப் பார்த்தாள். தூணுக்குப் பின்னால் ஒளிந்த ஒற்றன் அங்கேயே நின்றான்.

முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில் ஒரு டாக்டர், மைலாப்பூரில், கார் ஓட்டிக்கொண்டு வந்தார். கொலைகாரன் காரிலிருந்து இறங்குவான் என்று காத்திருந்தேன். டாக்டர் மாமியாரோடு காபிக்குச் சண்டை போட்டார். மூடி வைத்துவிட்டேன்.

"யாருடா கொன்னது?"

"தெரியாதுப்பா. நடுவுல கார் வந்துருச்சு. விட்டுட்டேன்."

"ராஜா காலத்துல காரா? புளுகறதுக்கும் ஒரு அளவு வேணாம்?"

"பிரிச்சுத்தான் பாருங்களேன்" என்றார் அம்மா.

"ரெண்டு தடவை படிச்சவன் நான். எனக்கே பாடமா?"

திங்கட்கிழமை ஷெட்டில் நின்றேன். "கைக்குரே, ஸ்கூல் நக்கோ?" என்று சிரித்தார் ஷெட் முதலாளி உஸ்தாத். ஏண்டா, ஸ்கூல் வேண்டாமா என்கிறார். நானும் வீம்புக்கு "நக்கோ" என்றேன்.

வருஷங்கள் கழித்து அம்மா சொன்னார். இரண்டு தொடர்கதைகளின் தாள்களை ஒரே பையில் கொடுத்திருக்கிறார். பைண்டருக்குத் தமிழ் தெரியாது, அத்தியாய எண் மட்டும்தான் தெரியும். எண் வரிசை தப்பாமல் அடுக்கி, ஒரு கதையின் தலையில் இன்னொன்றின் வாலை ஒட்டிவிட்டார்.

தளபதியைக் கொன்றவன் அந்தப் புத்தகத்திலேயே இல்லை. வாய்க்கு வந்த மந்திரி ஒருவன் பெயரைச் சொல்லியிருந்தால், அப்பா "சரிதான்" என்று தலையாட்டி என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பார். இவ்வளவு கெட்டிக்காரனான எனக்கு, அந்த வயதில் அது மட்டும் தோன்றவில்லை.