தையல்சிட்டுக்கு வைத்த சிரட்டை

நான் வைத்த சிரட்டையைத் தான் வைத்ததாக ஒரு வளர்ந்த மனிதர் என் கண்முன்னாலேயே சொன்னார். எட்டு வயதில் எனக்கு இதைவிடப் பெரிய அநியாயம் தெரியாது.

அந்த மனிதர் என் சித்தப்பா. உள்துறைமுகத்தைப் பார்த்திருந்த எங்கள் வீட்டின் பின்மதிலோடு நாயுண்ணியும் காட்டாமணக்கும் மண்டிய பற்றை ஒன்று இருந்தது. பெரியவர்களுக்கு அது குப்பை. எனக்கோ தையல்சிட்டின் வீடு. கட்டைவிரல் அளவு உடம்பு; கத்தினால் தெருவுக்கே கேட்கும். இரண்டு இலைகளைச் சிலந்தி நூலால் தைத்து, உள்ளே பஞ்சு வைத்து, மூன்று குஞ்சுகள் பொரித்திருந்தது. யாரும் திரும்பிப் பாராத ஒரு பற்றை போதும் அதற்கு. அதையும் மனிதர் பொறுப்பதில்லை.

கூடு கட்டத் தொடங்கிய நாளே, தாகம் எடுக்குமே என்று தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வைத்தேன். குருவி ஒரு நாளும் அதில் வாய் வைக்கவில்லை. தண்ணீரில் ஏதோ நெளிந்தது. மீன்குஞ்சு என்று நினைத்து ஊற்றாமல் வளர்த்தேன். சித்தப்பா இதையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்.

பிறகு அம்மாவை டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்து மறித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் சுகாதாரப் பரிசோதகர் வந்து, பற்றைக்குள் குனிந்து சிரட்டையைத் தூக்கினார்.

"டெங்கு நுளம்பின்ர குடம்பி, புழுப்புழுவா நிறைஞ்சு கிடக்கு. ஆர் இதை வைச்சது?"

நான் பெருமையாக வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார். "நான்தான் ஐயா வைச்சனான். குருவிக்கு."

குருவிக்காம்! காகத்துக்கும் சிட்டுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். பரிசோதகர் அவருடைய பெயரை எழுதிக்கொண்டு போனார். பின்னர் சித்தப்பா கோட்டில் நீதவான் முன்னால் போய் நின்றார்.

அதோடு விட்டாரா? பரிசோதகர் வந்த அன்று பின்னேரமே கத்தியை எடுத்துப் பற்றையை அடியோடு வெட்டினார். அந்தப் பற்றையில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது. நின்றதெல்லாம் என் சிரட்டையில். குஞ்சு இருக்கு என்று கத்தினேன், அவருடைய கையைக் கடித்தேன்.

"ஏலாது பிள்ளை. கொம்மா சுகமா வீட்டை வரவேணும்" என்றார்.

கூடு இருந்த கிளையை மட்டும் மதிலில் சாய்த்து வைத்தார். விடிந்தபோது கூட்டுக்குள் எறும்புகள்தான் இருந்தன. தாய்க்குருவி இரண்டு நாள் மதிலில் இருந்து கத்தியது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்ததும் சித்தப்பாவைத்தான் பிடித்துக்கொண்டார். "உமக்கு அறிவிருக்கோ தம்பி? சிரட்டையில தண்ணி வைச்சு என்னைக் கொல்லப் பாத்தீரே!"

அம்மாவைக் கடித்த நுளம்பு யாருடைய சிரட்டையில் வளர்ந்திருக்கும் என்று சித்தப்பாவுக்குத் தெரியும். எனக்கு அப்போது விளங்கவில்லை. கையில் என் பல் பட்ட இடத்தை அவர் தடவிக்கொண்டார்.

"ஓம் அம்மா, இன்னும் நல்லா ஏசுங்கோ" என்றேன்.