உங்க வலதா, என் வலதா?

தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு முறை உதறுகிறார். செடிக்கு முன்னால் வேலிக்கம்பியில் அதை விரித்துவிட்டுத்தான் கத்தரியைத் திறக்கிறார். திறந்த கத்தரி உடனே கிளைக்குப் போவதில்லை. காற்றில் நாலு தடவை 'சிக் சிக்'கென்று வெட்டிப் பார்க்கும். "என்ன, போன வருஷம் மாதிரியே வெச்சிடலாமா?" என்று குனிந்து கேட்பார். செடி வாய் திறக்காது. "சரி, சைடுல மட்டும் குறைச்சிடுவோம்" என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

எங்கள் தெருமுனையில் சலூன் வைத்திருப்பவர். ஐம்பத்திரண்டு வயது, முழு வழுக்கை. "என் தலையில எனக்கு வேலை வெச்சுக்கல" என்பார். குளிர் விலகி, கிளைகளில் மொட்டு கிளம்புவதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில், கடைக்கு விடுமுறை வருகிற நாளெல்லாம் தெருவில் உள்ள பதினோரு தோட்டங்களுக்கும் அவர்தான். ஒரு டீ போதும். "கவாத்து, கவாத்துன்னு பெரிய பேரா வெச்சிருக்கீங்க. கட்டிங்தான் தம்பி அது."

வயல்காட்டில் வளர்ந்தவன் என்பதால் அவர் வெட்டுவதை எதிர்மாடி ஜன்னலிலிருந்து குறை கண்டுபிடிக்கும் கண்ணோடுதான் பார்ப்பேன். குறை சிக்காது. மொட்டுக்கு மேலே கால் அங்குலம் விட்டு, தண்ணீர் வழிந்தோடும் சாய்வில் வெட்டுவார். எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாக நான் பட்டம் வாங்கப்போன காலையில் என் தலைக்கும் அதே கவனம் கிடைத்தது. "மேல அவங்க தொப்பி வைப்பாங்க, அது அவங்க பாடு. சைடு நம்ம பாடு. நிமிர்ந்து உக்காருங்க."

இப்படிப்பட்டவர் கைதான் போன மாதம் தவறியது.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா வீட்டு வாசல் கேட்டுக்கு இரு பக்கமும் ரோஜாச் செடிகள். குளிரில் இலை கொட்டி இரண்டும் வெறும் முள்குச்சியாக நின்றன. ஒன்று பட்டுப்போனது. மற்றது உயிருள்ளது. நர்ஸம்மாவின் மூத்த மகள் வெளியூர் வேலைக்குக் கிளம்பிய வாரம் குச்சி ஊன்றி உண்டாக்கியது. மூன்று வருடம் கழித்து அவள் மாதக் கடைசியில் வருவதாக இருந்தது. போனில் அம்மாவை விசாரிக்கும் முன்பே செடியை விசாரிக்கிறவள்.

துணிக்கூடையை இரு கையாலும் இடுப்போடு அணைத்தபடி நர்ஸம்மா வீட்டுப்படியில் நின்று, "வலது பக்கத்துது பட்டுப்போச்சுய்யா, அடியோட அறுத்து எடுத்துடு. இன்னொண்ணைத் தொடாதே, அது பெரியவளோடது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சலூன்காரர் கேட்டருகே அவரைப் பார்த்தபடி நின்றார். சிறு ரம்பத்தை எடுத்தார். தன் வலது பக்கத்துச் செடியை அறுத்தார்.

அறுத்த இடத்தில் ஈரப்பச்சை. ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வலதுன்னேன்" என்றார் திரும்பி வந்த நர்ஸம்மா.

"வலதுதான்கா வெட்டினேன்."

"என் வலது இந்தப் பக்கம்ல இருக்கு."

"முப்பது வருஷமா எதிர்ல ஒரு மொகத்தைப் பாத்தா அது கண்ணாடிதான் எனக்கு. கண்ணாடில அவங்க வலதும் என் வலதும் ஒரே பக்கம்தான்கா இருக்கும்."

நர்ஸம்மா கூடையை இறக்கி வைத்தார். "நானும் முப்பது வருஷம் ஊசி போட்டேன். ஒருநாளும் கை மாத்திப் போட்டதில்ல."

அந்த நேரம் பார்த்து சைக்கிளில் போன எலக்ட்ரீஷியன் ஒரு காலை ஊன்றி நின்றார். "நல்லவேளை அண்ணே, நீங்க டாக்டருக்குப் படிக்கல."

"பெரியவ வரட்டும். நீயே அவகிட்ட சொல்லிக்க" என்று நர்ஸம்மா கதவைச் சாத்திக்கொண்டார். மீதித் தோட்டங்கள் அப்படியே நிற்க, சலூன்காரர் கத்தரியைக் கொண்டுபோய்க் கடை ஆணியில் மாட்டிவிட்டார். அறுத்து மிஞ்சிய அந்த அடிக்கட்டை துளிர்க்கும்வரை இன்னொரு செடியைத் தொடுவதில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டாராம்.

மறுநாளிலிருந்து கடை ஷட்டரைத் தூக்கும் முன் அவர் நர்ஸம்மா வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். தலைக்குத் தண்ணீர் தெளிக்கும் அதே பாட்டிலால் கட்டைக்கு 'புஸ் புஸ்'ஸென்று தெளிப்பார். வேரடியில் ஒரு செம்பு ஊற்றுவார். "கோவம் இருந்தா அக்காகிட்ட காட்டாத, என்கிட்ட காட்டு. ஒரு துளிர் விட்டுட்டு அப்புறம் பேசு" என்பார். ஜன்னல் திரை அசையும். டீ வராது.

அவர் மனைவி ஒருநாள் பாலோடு அந்தப் பக்கம் வந்தவர் நின்று கேட்டார். "வீட்டுல நானும் ஒருத்தி இருக்கேன். இதுல பாதி வார்த்தை என்கிட்ட பேசலாம்."

"நீ நல்லா இருக்க. அது சீக்காளி."

"அப்ப நான் சீக்குல படுத்தாத்தான் பேசுவீங்களா?" என்றவர் போகிற போக்கில், பட்டுப்போன செடியின் முள்குச்சி ஒன்றைத் தட்டிவிட்டுப் போனார். "இது சும்மா நிக்குது பாரு, மகாராணி மாதிரி."

கடையிலும் ஆள் மாறிப்போனார். "வலது கிருதா கொஞ்சம் ஏத்துங்க" என்று யாராவது சொன்னால் கை நின்றுவிடும். "உங்க வலதா, என் வலதா?" முன்னால் வந்து நின்று கேட்பார், பின்னால் போய் நின்று கேட்பார், கடைசியில் விரலால் தொட்டுக் காட்டச் சொல்வார். எலக்ட்ரீஷியன் வேண்டுமென்றே "நடு வலது" என்றார். சலூன்காரர் சீப்பால் அவர் உச்சியில் ஒன்று வைத்தார்.

பத்து நாள், பதினைந்து நாள். பக்கத்து வீட்டு ரோஜாக்களில் செந்துளிர் வந்துவிட்டது. கட்டை மட்டும் வெட்டிய வட்டத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மகள் வர மூன்று நாள் இருந்த காலையில் நான் ஜன்னலைத் திறந்தபோது, சலூன்காரர் கட்டைக்கும் மதில் சுவருக்கும் நடுவிலிருந்த இரண்டு விரல் இடுக்கில் கையை நுழைத்துத் தடவிக்கொண்டிருந்தார். கை நின்றது. இன்னொரு முறை தடவினார்.

"அக்கா. அக்கா, கொஞ்சம் வெளிய வாங்களேன்."

நான் கீழே இறங்கி ஓடினேன். நர்ஸம்மா கதவைத் திறந்து படியில் நின்றார். "என்ன?"

"பின்னாடி ஏதோ முண்டுது. சுவர்ப்பக்கம்."

"முள்ளா இருக்கும்."

"முள்ளு குத்தும்கா. இது மெத்துன்னு இருக்கு." கையை எடுத்துக் காட்டினார். முன்பே கீறிய கீறல்களைத் தவிர விரலில் ஒன்றுமில்லை.

"அடியிலேர்ந்து வந்தா காட்டுக்கிளைதானே?"

"ஒட்டுச்செடிக்குத்தான் அந்தப் பயம்" என்றேன் நான். "இது குச்சி ஊன்றினது. எங்கேருந்து துளிர்த்தாலும் அதே பூதான்."

நர்ஸம்மா படியிறங்கி வந்து, கேட்டைப் பிடித்தபடி குனியப் பார்த்தார். முட்டி மடங்கவில்லை. "உன்னை நம்பி ஒருதடவை செடி போச்சு. கண்ணால பாக்காம நான் நம்ப மாட்டேன்."

சலூன்காரர் கடையை நோக்கி ஓடினார். ஷட்டரைப் பாதி தூக்கி அடியில் புகுந்து, அரை நிமிடத்தில் திரும்பி வந்தார். முடி வெட்டி முடித்ததும் பிடரியைக் காட்டும் கைக்கண்ணாடி கையிலிருந்தது.

தோள் துண்டை எடுத்து இரண்டு முறை உதறினார். கண்ணாடியைத் துடைத்தார். மண்டியிட்டு அதைக் கட்டைக்குப் பின்னால், சுவர் இடுக்கில் இறக்கினார். கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று சாய்த்தார். கண்ணாடிக்குள், அரிசி நீளத்தில், சிவப்பாக ஒரு துளிர்.

கண்ணாடியை அசையாமல் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தவர் தலையாட்டும்வரை காத்திருப்பவரைப் போல, நர்ஸம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"பின்னாடி போதுமாக்கா?"