முப்பத்தெட்டில் ஒன்று

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். இருபது வயதில் அச்சகத்தில் பிழை திருத்தினாள். ஒரு காற்புள்ளிகூட அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போக முடியாது. முப்பதைத் தாண்டிய பிறகு மாலை வகுப்பில் கணினி படித்து, மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் இந்தக் கம்பெனிக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது.

எந்தக் கம்பெனியும் எல்லாவற்றையும் தானே எழுதிக்கொண்டிருப்பதில்லை. எங்கோ யாரோ எழுதி, வேண்டுமென்கிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திறந்து வைத்த சின்னச் சின்னப் பேக்கேஜ்களை எடுத்துக் கோத்துக்கொள்கிறார்கள். அவற்றை நம்பலாமா என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை. யார் பராமரிக்கிறார், ஓட்டை இருக்கிறது என்று சொன்னால் அடைக்கிறாரா, எல்லோரும் பார்க்கத் திறந்து வைத்த மூல நிரலும் தயாராகக் கட்டித் தருகிற கோப்பும் ஒன்றுதானா. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டம், கட்டத்தில் ஒரு டிக், கீழே அவள் கையெழுத்து.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அபூர்வமாகக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவற்றில் ஒன்றைப் பார்க்க எடுத்தாள், எக்ஸ்ரே படங்களைச் சுருக்கிச் சேமிக்கும் ஒரு குட்டிப் பேக்கேஜ். பதினான்கு வருடமாக ஒரே மனிதர் பார்த்துக்கொள்வது. கேள்வி கேட்டால் மூன்று வாரம் கழித்துத்தான் பதில் வரும் என்பதால் அவள் அவரை நத்தை என்பாள். மூலத்தை இறக்கித் தன் கணினியிலேயே கட்டிப் பார்த்தாள். தயார்க் கோப்பு அதைவிடப் பன்னிரண்டு கிலோபைட் பெரிதாக இருந்தது.

இருக்கக் கூடாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்தாள். தயார்க் கோப்பில், சோதனைக்கென்று வைத்த படங்களோடு ஒரு எக்ஸ்ரே கூடுதலாக இருந்தது. எதில் திறந்தாலும் அது திறக்கவில்லை. அது படமே இல்லை. பேக்கேஜை நிறுவும்போது ஒரே ஒரு வரி அதன் வயிற்றிலிருந்து எதையோ உருவி உள்ளே சொருகிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து யாரோ கூப்பிட்டால் கதவைத் திறந்துவிடுகிற நிரல் அது என்று புரிய மதியம் ஆகிவிட்டது. நத்தையின் இடத்தில் நான்கு மாதமாக வேறொருவர் பெயர் இருந்தது.

இந்த வெர்ஷனை யார் அனுமதித்தது என்று பதிவேட்டைத் திறந்தாள். மூன்று வாரத்துக்கு முன்பு, அவளேதான். 'ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் இருந்தது.

அவள் ஒப்பிடவில்லை. அந்த வாரம் முப்பத்தெட்டு பேக்கேஜ்களுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தாள். சாக்குச் சொல்ல வீட்டில் யாருக்கும் காய்ச்சல்கூட இல்லை. நத்தைதானே என்று போட்டுவிட்டாள், அவ்வளவுதான். அந்த வெர்ஷன் ஏழு மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்தது.

மேலாளர் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார்.

"நிச்சயமா தெரியுமா?"

"தெரியும் சார். இன்னைக்கே ஏழு இடத்துலயும் சொல்லி நிறுத்தணும்."

"அவசரப்படாதீங்கம்மா. வெள்ளிக்கிழமை வக்கீலுங்க உக்காந்து பேசட்டும். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

"மூணு நாளா சார்? உள்ள நோயாளிங்க இருக்காங்க."

"நீங்கதானே ஓகே பண்ணீங்க?" என்றார் அவர், குரலைக்கூட உயர்த்தாமல்.

இருக்கைக்குத் திரும்பி நத்தைக்கு எழுதினாள். மூன்று வாரம் எடுக்கிற மனிதர் இருபதே நிமிடத்தில் தொலைபேசி எண்ணை அனுப்பினார். மாடிப்படியில் நின்று கூப்பிட்டாள்.

"எனக்கு உடம்பு சரியில்லம்மா, ரெண்டு வருஷமா," என்றது தளர்ந்த குரல். "இதைச் சரி பண்ணு, அதைச் சரி பண்ணுன்னு ஊர் உலகமே திட்டுது. ஒருத்தர் மட்டும் வந்து, சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களான்னு கேட்டாரு. நான் பாத்துக்கறேன்னாரு. சாவியைக் குடுத்துட்டேன்."

"இப்ப நீங்க உள்ள போய் அதை எடுத்துட முடியுமாய்யா?"

"முடியலம்மா. என்னையே வெளிய தள்ளிப் பூட்டிட்டாங்க." அவர் அழுதார்.

மாலை வீட்டுக்கு வந்தபோது கணவர் விரலிடுக்குக் கிரீஸைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆறுதலா ஏதாவது சொல்லலாம்னுதான் பாக்கறேன்," என்றார். "ஆனா ஏறிப் பாக்காம எந்த லிஃப்ட்டுக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லம்மா."

குத்திக்காட்டச் சொல்லவில்லை, அவருக்குப் பொய் வராது. அவள் தட்டில் போட்டது போட்டபடி கிடந்தது.

புதன்கிழமை காலை, சொந்தத் தொலைபேசியில் ஏழு மருத்துவமனைகளின் கணினிப் பிரிவையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். வேலை போகும் என்று தெரியும். முதல் இடத்தில், முறையாகக் கடிதம் அனுப்புங்கள் என்றார்கள். இரண்டாவது இடத்தில் ஒருவர், "இந்த மாதிரி போன் தினம் பத்து வருது, வேற ஆளைப் பாரு," என்று வைத்தார். மூன்றாவது இடத்தில் எடுத்தது ஒரு பொறுப்பாளர் அம்மா.

"எந்தக் கோப்பு, எத்தனாவது வரி?" என்று கேட்டார். அவள் சொன்னாள். விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

"ஐயோ," என்றார் அந்த அம்மா. "பத்து நிமிஷம் குடுங்க. வயரையே பிடுங்கிடறேன்."

நான்காவது இடத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாவது இடத்தில் நம்பி உடனே நிறுத்தினார்கள். மற்ற இரண்டிலும் பேசுகிறோம், பேசுகிறோம் என்றார்கள். பகல் பன்னிரண்டுக்குள் மேலாளருக்குச் செய்தி போய்விட்டது. அவளுடைய கணினியைப் பூட்டி, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

வியாழன் காலை எட்டு மணிக்கு, அந்தக் கதவு வழியாக யாரோ நுழைந்து, மீதி ஐந்து மருத்துவமனைகளில் எக்ஸ்ரே படங்களையெல்லாம் பூட்டிவிட்டார்கள். எலும்பு முறிந்தவர்கள் வராந்தாவில் கிடந்தார்கள். அறுவை சிகிச்சைக்கு மேசையில் ஏற்றியவரைப் படம் இல்லை என்று திருப்பி இறக்கினார்கள். அவள் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றபடியே பார்த்தாள். உட்கார மனம் வரவில்லை.

அரசு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பரிசோதகரின் கவனக்குறைவு என்று கம்பெனி அறிக்கை சொல்லியிருந்தது. செவ்வாய்க்கிழமையே அவள் வந்து சொன்னதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

"ஒப்பிட்டுப் பாத்தீங்களா, இல்லையா?"

"இல்லைங்க. டிக் மட்டும் போட்டேன்."

"வாரத்துக்கு எத்தனை பேக்கேஜ் குடுப்பாங்க?"

"அந்த வாரம் முப்பத்தெட்டு." கேட்டவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "ஆனா இதைப் பாத்திருக்கலாங்க. அரை மணி நேர வேலை," என்றாள் அவள். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

படங்கள் திரும்பக் கிடைக்கப் பதினோரு நாள் ஆயிற்று. அவளுக்கு வேலை போய்விட்டது. சில நாட்கள் நத்தை கூப்பிடுவார். பழைய, கெடாத வெர்ஷனை வேறு இடத்தில் ஏற்றிவிட்டார். வரிக்கு வரி சரிபார்க்க ஆள் இல்லை என்றார். அவள் பார்த்துக் கொடுத்தாள். கைகள் ஓடின, மனசு மட்டும் வராந்தாவிலேயே கிடந்தது.

ஒருநாள் அந்தப் பொறுப்பாளர் அம்மாவைத் தொலைபேசியில் பிடித்தாள். அந்த ஐந்து இடங்களிலும் வேலை பார்ப்பவர்களை அவருக்குத் தெரியும்.

"அக்கா, அந்தப் பதினோரு நாள்ல யாருக்காவது... ஏதாவது ஆச்சா?"

"அதைக் கேக்காதீங்க."

"சொல்லுங்க. தெரியாம இருக்க முடியல."

அந்த அம்மா, "இன்னொரு நாள் சொல்றேன்," என்று வைத்துவிட்டார்.

அடுத்த வாரமும் கூப்பிட்டாள். மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது.