வியாழன் அஸருக்குப் பின் வரும் குரல்

சென்ற வியாழக்கிழமை பின்னேரம் அஸர் தொழுது எழும்பி, கொப்பியையும் பேனையையும் எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். மர்ழியா ராத்தாவின் எண்ணிலிருந்து குரல்பதிவு வந்தது. வருகின்ற கிழமைக்கான வானிலைதான் என்று நினைத்து, "வெள்ளி" என எழுதிவிட்டே அதை அழுத்தினேன். பேசியது அவருடைய மகள். "உம்மா லுஹருக்குப் பொறகு மௌத்தாகிட்டாங்க. எல்லாரும் துஆச் செய்ங்க."

இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நாம் அல்லாஹ்வுக்குரியவர்கள், அவனிடமே மீள்பவர்கள். அந்த "வெள்ளி"க்கு எதிரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

திங்கட்கிழமை மஜ்லிஸில் கூடி ஓத வரும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். முற்றத்தில் மழை அளக்கும் குழாய் ஒன்றை நட்டு வைத்திருந்தார். ரேடியோவில் வானிலை அறிக்கை கேட்பார். வினாயகபுரத்தில் மீன்பிடிக் குடும்பத்து ராசாத்தியை அழைத்துக் கடல் எப்படி என்பார். சம்மாந்துறையில் இருக்கும் தம்பியிடம் மேற்கே கறுக்கிறதா என்று விசாரிப்பார். பிறகு வியாழன்தோறும் ஏழு நாளையும் குரல்பதிவில் நமக்குச் சொல்வார். பெரும்போக நெல்லை அவித்துக் காயவைக்கும் இந்த மாதங்களில் காலையில் தீயாய் எரிக்கும் வெயில், பின்னேரம் சொல்லாமல் வரும் இடிமழை. அவர் குரலைக் கேட்காமல் நம்மில் யார் நெல் அவித்தோம்?

எனக்குக் காயவைக்க நெல் இல்லை. என் கணவர் மௌத்தாகிப் பிள்ளைகளும் வெளிநாடு போனபின் ஒருத்திக்கு எவ்வளவு அரிசி வேண்டும்? ஆனாலும் எல்லோருக்கும் சொல்லி முடித்து, கடைசியில் என் பெயரையும் சொல்வார். "சறீனா, சனிக்கிழம பின்னேரம் கொடியில உடுப்ப மறந்திராதகா." ஏன் என்னை மட்டும் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "ஊடு நெறய ஆள் இரிக்கிறவளுக்கு மழ வந்தா யாராவது சத்தம் போடுவாங்க. ஒனக்கு யாருகா போடுற?" என்றார். கிழமை முழுவதும் என் பெயரை வாய்விட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

நான் எதையும் எழுதி வைக்கிறவள். அவர் சொன்னதை ஒரு பக்கமும் நடந்ததை மறுபக்கமும் குறித்து வந்தேன். அது தெரிந்ததும் சிரித்தார். "சரியா வந்ததெல்லாம் எனக்கு வேணாம். பிழச்சதுகள மட்டும் வாசி." வாசிக்க வாசிக்க, "அண்டைக்குக் காத்து மாறினத நான் பாக்கல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இனி எழுதப் போவது உங்களுக்கும் தெரிந்த விடயம். சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை, ஓதி முடித்ததும், நானாக மார்க்கப் புத்தகங்களைப் படித்து வந்த துணிச்சலில், எல்லோர் முன்னிலையிலும் பயான் செய்பவளைப் போலப் போதித்தேன்: "மழை எப்ப வரும் எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். கிழமைக்கு முந்தியே சொல்லுறது மறைவான அறிவுல கை வைக்கிறது. கேக்கிறதும் பாவம்." ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பிப் போனார்.

அந்த வியாழன் குரல் வரவில்லை. சனிக்கிழமை நம்மோடு ஓதும் குல்சும் இரண்டு மூடை நெல்லை அவித்து, விற்பனைக்கு அரிசியாக்குவதற்காக வீதியோரம் பரப்பியிருந்தாள். அஸருக்கு முன் மழை இறங்கியது. நான் ஓடிப்போனபோது ராத்தா ஏற்கெனவே முழங்காலில் இருந்து, வடிகான் பக்கம் ஓடும் நெல்லைக் கையால் மறித்துக்கொண்டிருந்தார். குல்சும் என்னைப் பார்த்து, "ஒங்கட பயான் நல்லா நனஞ்சிட்டு சறீனா ராத்தா" என்றாள். மர்ழியா ராத்தா அவளை அதட்டினார். "கத பொறகு. மழ அவன்ட. படங்கு நம்மட. அந்தப் பக்கத்தப் புடிங்க." மூன்று பேரும் படங்குச் சீலையை இழுத்து நெல்லை மூடினோம். பாதி நெல்தான் மிஞ்சியது.

அடுத்த வியாழன் குரல் திரும்ப வந்தது. முடிவில் புதிதாக "அல்லாஹு அஃலம்" என்றார். அல்லாஹ்வே நன்கறிந்தவன் என்று அன்றுமுதல் ஒருமுறையும் சொல்லாமல் விட்டதில்லை. அது எனக்காகச் சேர்த்தது.

நான் அவர் வீட்டுக்குப் போய் மாப்புக் கேட்டேன். அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "நான் அப்பவே தந்திட்டன் புள்ள. ஆனா மஜ்லிஸில சொன்னத மஜ்லிஸிலதான் எடுக்கணும். எனக்காக இல்ல. நீ சொன்னத நம்பி நாலு பேர் இன்னும் என்ட பதிவக் கேக்கிறல்ல. அவங்கட நெல்லும் நனையும்."

ஓம் என்றேன். திங்கட்கிழமைகள் வந்தன. ஒவ்வொரு முறையும் வாய் திறக்க வெட்கம் வந்தது. நோன்புக்கு முன் சொல்வோம், பெருநாளுக்குப் பின் சொல்வோம் என்று தள்ளினேன். ராத்தா ஒருநாளும் ஞாபகப்படுத்தவில்லை. இப்போது சொல்ல நான் இருக்கிறேன். கேட்க அவர் இல்லை.

ஆகவே அன்று உங்கள் முன் சொன்னதை உங்கள் முன்னிலையிலேயே எடுக்கிறேன். அவர் மறைவானதைச் சொல்லவில்லை. அல்லாஹ் வானத்திலும் காற்றிலும் காட்டியதைப் பார்த்துச் சொன்னார். பிழை விட்டது நான். என்னை நம்பி அவர் குரலைக் கேட்காமல் விட்ட நால்வரும் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய மகள் அந்த மழைக் குழாயை என்னிடம் தந்தார். என் முற்றத்தில் நட்டிருக்கிறேன். நேற்று ராசாத்தியை அழைத்தேன். என் குரலைக் கேட்டதும் அழுதுவிட்டாள். பிறகு கடலைப் பற்றிச் சொன்னாள்.

இன்று வியாழன், அஸரும் முடிந்தது. வெள்ளியும் சனியும் நல்ல வெயில், நெல் அவிக்கலாம். ஞாயிறு, திங்கள் பின்னேரம் மேற்கிலிருந்து இடியுடன் மழை வரக்கூடும். படங்கைப் பக்கத்தில் வையுங்கள். செவ்வாய் முதல் குறையும். சறீனா, கொடியில் உடுப்பு.

அல்லாஹு அஃலம்.