கூட்டாத வீடு

விளக்குமாறு கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. காலையிலிருந்து பலமுறை அதன் பக்கம் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். மகள் சென்னைக்குப் பறந்துகொண்டிருக்கிறாள். பயணம் கிளம்பியவர் போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டக்கூடாது என்பது எங்கள் குடும்பத்துப் பழக்கம். பினாங்கிலிருந்து இப்போது நேரடி விமானம். நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அந்த நாலு மணி நேரம்கூட என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வேலைக்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று காலையில் நான் மறுபடியும் ஆரம்பித்ததில், பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

இந்தப் பழக்கம் சித்தியிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. சுங்கை பினாங் அடுக்குமாடியில் எங்களுக்கு எதிர் வீடு அவருடையது. ஜுருவில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்ததும் உடுப்பு மாற்றக்கூடப் பொறுக்காமல் கூட்டத் தொடங்கிவிடுவார். நான் முறுக்குக் கடித்தால் என் வாய்க்குக் கீழே கையை ஏந்திக்கொண்டு நிற்பார். எனக்கு முறுக்கே கசந்துபோகும்.

அப்படிப்பட்டவர், சித்தப்பா சென்னைக்குப் போனபோது விளக்குமாற்றைத் தொடவில்லை. அப்போது கோலாலம்பூரில் இறங்கி விமானம் மாற வேண்டும். காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு பகலே போய்விடும். அங்கிருக்கும் தன் அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவதாகத்தான் சித்தப்பா சொன்னார். அவருக்கும் சித்திக்கும் பல மாதங்களாகப் பேச்சே சரியில்லை என்பது எதிர் வீட்டுக்காரர்களான எங்களுக்குத் தெரியும். “எறங்குன ஒடனே போன் பண்ணுங்க” என்றார் சித்தி. “சரி லா” என்று சித்தப்பா பெட்டியைத் தூக்கினார்.

அன்று போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சாமி படத்திலிருந்து உதிர்ந்த பூவும் சித்தப்பாவின் செருப்பு மண்ணும் தரையில் அப்படியே கிடக்க, சித்தி அவற்றை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தார். வேலைக்கும் போகவில்லை. அம்மாவால் அதைப் பார்க்க முடியவில்லை. “பிளேன் நேத்தே எறங்கியிருக்கும் லா. கூட்டித் தொலை” என்றார்.

“பிளேன் எறங்கியிருக்கும்க்கா. அவரு இன்னும் பேசலயே” என்றார் சித்தி.

அடுத்த நாள் சித்தப்பாவின் அண்ணன்தான் கூப்பிட்டார். தம்பி நல்லபடியாக வந்துவிட்டதாகவும், இனி அங்கேயே இருக்கப் போவதாகவும், பக்கத்தில்தான் நிற்பதாகவும், ஆனால் பேசமாட்டேன் என்று மறுப்பதாகவும் சொன்னார். சித்தி போனை வைத்தார். “போய்ச் சேந்துட்டாரு லா, அக்கா. இனி கூட்டலாம்.” மூலை முடுக்கு விடாமல் கூட்டினார். கூட்டிய இடத்தையே திரும்பவும் கூட்டினார். அம்மா வந்து கையைப் பிடிக்கும்வரை நிறுத்தவில்லை. சித்தப்பா பிறகு வரவேயில்லை. எனக்கு அவர்மேல் இன்றும் கோபம் ஆறவில்லை. பக்கத்தில் நின்றவருக்கு ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு?

சற்று முன்னர்தான் என் கணவர் கைத்தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார். விமானம் போகும் வழியைக் காட்டும் செயலியில், வங்கக் கடலைத் தாண்டிப் போன குட்டி விமானப் படத்தையே இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சென்னையில எறங்கிருச்சு லா. போய்க் கூட்டு” என்றார்.

விளக்குமாற்றைக் கையில் எடுத்தேன். மேசைக்கு அடியில், மகள் காலையில் கோபத்தோடு பாதி தின்றுவிட்டு வைத்த ரொட்டியின் தூள் கிடந்தது. என் கைத்தொலைபேசியைப் பார்த்தேன்.

“பிளேன் எறங்கிருச்சு. அவ இன்னும் பேசலயே” என்றேன்.

விளக்குமாற்றை மறுபடியும் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன்.