படத்துக்கு முன்னால் ஒரு திராட்சை

பழத்தைக் குச்சியில் கோத்துச் சர்க்கரைப் பாகில் முக்கும் சீனத்து மிட்டாய் வேண்டும் என்று தங்கை பிள்ளைகள் இன்று அடம்பிடித்தார்கள். எல்லாம் போனில் பார்த்ததுதான்.

பெரம்பலூரில் ஸ்ட்ராபெர்ரிக்கு எங்கே போவது? கறுப்புத் திராட்சை வாங்கிவந்தோம்.

பழக்க தோஷத்தில் கம்பிப் பதத்திலேயே பாகை இறக்கிவிட்டேன். பிசுபிசுவென்று வழிந்தது.

"பெரியம்மா, கடிச்சா கண்ணாடி மாதிரி நொறுங்கணும். நீங்க அதிரசத்துக்குக் காய்ச்சிட்டீங்க" என்றாள் மூத்தவள் யாழினி.

மறுபடி காய்ச்சினோம். நன்றாக இறுகியது.

தங்கை போனபிறகு, எது செய்தாலும் அவள் படத்துக்கு முன் வைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறோம். இனிப்பு செய்தது இன்றுதான் முதல்முறை. சின்னவன் கவின் ஒரு குச்சியோடு படத்தருகே ஓடினான்.

யாழினி அதைப் பிடுங்கிக்கொண்டாள். "அம்மாவுக்குச் சுகர்டா. குடுக்கக் கூடாது."

"செத்துப்போனப்புறமும் சுகர் இருக்குமாக்கா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இனிப்பு டப்பாவை ஒளித்துவைத்து, அம்மா கெஞ்சினாலும் தராமல் காவல் காத்தவள் யாழினி.

"இப்ப ஒண்ணும் பண்ணாதும்மா, வையி" என்றேன்.

அவள் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மற்றப் பழங்களை உருவித் தம்பியிடம் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு திராட்சையை மட்டும் படத்துக்கு முன் வைத்தாள்.

உங்கள் வீட்டிலும் சர்க்கரை நோயோடு போனவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இனிப்புப் படைப்பீர்களா? இன்னொன்று வைக்கலாம் என்று யாராவது எழுதுங்கள். யாழினியிடம் காட்ட வேண்டும். என் பேச்சை அவள் நம்பவில்லை.